பழைய சைக்கிளுக்குப் புது பெயிண்ட்: துரு போகுமா, மறையுமா? அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

அக்கா 11-ம் வகுப்பில் வாங்கிய விலையில்லா சைக்கிள், சில வருஷம் திண்ணையில் கிடந்துவிட்டு தம்பி கைக்கு வருகிறது. செயின் கவர் எல்லாம் செம்பழுப்பு, பிரேமில் அங்கங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது. கடையில் ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கி அடித்தால் புதுசாகிவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அடித்த அன்றைக்குப் புதுசு மாதிரிதான் இருக்கும். ஆனால் அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். விரலால் சுரண்டினால் உள்ளே பழைய துரு அப்படியே இருக்கும்.

அரியலூர் மாவட்டம் திருமழபாடி போன்ற கொள்ளிடக் கரை ஊர்களில் சைக்கிள் இன்னமும் பள்ளிக்கும் வயலுக்கும் போகிற வண்டி. அதனால் பெயிண்ட் அழகு விஷயம் மட்டுமில்லை. பிரேம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இப்படிக் கைமாறும் சைக்கிள்கள் ஏராளம். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது. இந்த வண்டிகளின் பிரேம் இரும்புக் குழாய். அலுமினியம் மாதிரி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் குணம் இரும்புக்கு இல்லை. ஈரமும் காற்றும் நேராகப் படாமல் தடுக்கும் ஒரே விஷயம் மேலே இருக்கும் பெயிண்ட் தோல்தான். அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு அந்த வழியாக உள்ளே போய் பெயிண்டுக்கு அடியிலேயே பரவும்.

பெயிண்ட் அடிக்கலாமா, வேண்டாமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கலர் என்ன என்பதெல்லாம் அப்புறம்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, பெடல் கிராங்க் சுற்றும் குடம் போன்ற பகுதியைப் பாருங்கள். பிரேமில் மிகத் தாழ்வான இடம் அதுதான். சீட் கம்பி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் கடைசியில் அங்கே வந்துதான் தேங்கும். வெளியில் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அரித்திருக்கலாம். அதற்குப் பின்னால் செயினை ஒட்டிப் போகும் குழாய், சீட் குழாயின் அடிப்பகுதி, ஃபோர்க் மேலே சேரும் இடம் ஆகியவற்றையும் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தும்போது இரும்பு உள்வாங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ அந்த பிரேமுக்கு பெயிண்ட் செலவு வீண். வெள்ளத் தண்ணீரில் முழுகிக் கிடந்த சைக்கிள் என்றால் இந்தச் சோதனை கட்டாயம்.

குழாய்கள் சேரும் இடத்தில் முடி மாதிரி மெல்லிய கோடும், கோட்டின் ஓரத்தில் துருவும் தெரிந்தால் அது விரிசல். பட்டி வைத்து மேலே பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஓடும்போது ஃபோர்க் ஒடிந்தால் ஓட்டுகிறவர் முகம்தான் முதலில் தரையில் படும். வெல்டிங், பிரேசிங் வேலை ஏதும் இருந்தால் பெயிண்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பின்னால் வைத்தால் அந்தச் சூட்டில் புது பெயிண்ட் கருகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். பழைய வண்டிக்கு மட்டும் பெயிண்ட் சந்தேகப்படும்படி புதுசாக, அதுவும் இணைப்புகளில் தடிமனாக இருந்தால் கேள்வி கேளுங்கள். பிரேம் நம்பர் தெரிகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் கிராங்க் குடத்தின் அடியிலோ சீட் குழாயிலோ அது பொறிக்கப்பட்டிருக்கும். திருடு போனால் வண்டி உங்களுடையது என்று காட்ட அந்த நம்பர் உதவும். எனவே வேலை தொடங்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் வைக்காதீர்கள், பட்டி பூசாதீர்கள்.

நேரம் போவது எங்கே?

கலர் அடிக்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பழசைக் கழற்றுவதும் சுரண்டுவதும்தான் நாள் கணக்கில் இழுக்கும்.

பிரேமையும் ஃபோர்க்கையும் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பேரிங் பால்ஸ் எங்கெங்கே எத்தனை இருந்தன என்று எண்ணி, தனித்தனி டப்பாவில் போடுவது நல்லது. இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ்: வழக்கமாக முறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு கிராங்க் மரையைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாம். ஆனால் அதோடு விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு மேல் பெயிண்ட் பிடிக்காது. சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். பிறகு முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, படிப்படியாக 400 நம்பர் வாட்டர் பேப்பர் வரை வரலாம். குழிக்குள் இருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவர் உதவும். டப்பாவில் சொன்னபடி அதைக் கழுவித் துடைத்துவிட்டு, இரும்பு வெறுமனே நிற்கும் நேரத்தைக் குறைத்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். கொள்ளிடத்துப் பனியில் ஒரு ராத்திரி கிடந்தாலே வெறும் இரும்பில் மறுபடி செம்மை ஏறும். ரிம், ஹேண்டில்பார் போன்ற குரோம் பாகங்களை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம். வழவழப்பான குரோமில் பெயிண்ட் நிற்பது கஷ்டம்.

தாத்தா காலத்து கறுப்பு சைக்கிள் என்றால் கூடுதல் கவனம் தேவை. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் மாதிரி வண்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டு உபயோக, அலங்கார பெயிண்டுகளில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ம் ஆண்டு விதிகளே நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தன. எனவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. நெருப்பு காட்டி உரிக்கவே வேண்டாம். குழந்தைகள் விளையாடும் முற்றமும் சமையல் செய்யும் இடமும் இந்த வேலைக்கு ஆகாது.

எந்த பெயிண்ட்?

பிரஷ்ஷில் அடிக்கிற எனாமல் மலிவு, கைக்கு அடங்கும். காய நேரமாகும், அதற்குள் தூசி ஒட்டும். ஸ்ப்ரே டப்பா சுலபம், ஆனால் படலம் மெலிசு. ஒரே மூச்சில் தடியாக அடித்தால் வழியும். மெலிசாக மூன்று நான்கு கோட் அடிப்பதே முறை.

ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட், கார் பட்டறைகளில் பயன்படுவது. பளபளப்பும் உழைப்பும் அதில் அதிகம். ஆபத்தும் அதில்தான் அதிகம். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைத் தாக்கும். வண்டிகளுக்கு பெயிண்ட் அடிக்கும் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வர அது ஒரு முக்கியக் காரணம். துணி மாஸ்க், கைக்குட்டை எதுவும் அதைத் தடுக்காது. வீட்டில் பசங்க செய்து பார்க்கிற வேலை இது இல்லை. பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

பவுடர் கோட்டிங் வேறு வகை. மின்னூட்டம் ஏற்றிய பவுடரை பிரேம் மீது தூவி, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைத்து உருக்குவார்கள். இரும்பு பிரேமுக்கு உறுதியான வேலை இதுதான். ஆனால் சாதாரண பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. அலுமினிய பிரேம் என்றால் தயாரிப்பாளர் அனுமதிக்கும் சூட்டைக் கேட்காமல் வைக்கக் கூடாது. கார்பன் பிரேமை வைக்கவே கூடாது. திருச்சி பக்கம் திருவெறும்பூர், துவாக்குடியில் பெல் நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த தொழிற்கூடங்கள் நிறைய உண்டு. அங்கே விசாரித்தால், ஒற்றை பிரேமை எடுப்பார்களா, பழைய பெயிண்டை அவர்களே உரிப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலம் பார்க்கணுமா?

பார்க்கணும். ஆடிக் காற்றில் வெளியே ஸ்ப்ரே அடித்தால் பாதி பெயிண்ட் பக்கத்து வீட்டுக்குப் போகும். போதாக்குறைக்கு சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் நிறைந்த மாவட்டம்; சாலை ஓரத்தில் அடித்தால் தூசி முழுக்க ஈர பெயிண்டில் உட்காரும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் சீக்கிரம் காயும் லேக்கர் பால் படிந்த மாதிரி வெளுக்கும். கத்திரி வெயிலில் பெயிண்ட் போய் ஒட்டுவதற்கு முன்பே தின்னர் ஆவியாகி, பரப்பு சொரசொரவென ஆகும். தை முதல் பங்குனி வரை, பனி விலகிய காலை நேரம் தோது.

இரண்டு கலர் வேண்டும் என்றால் வெளிர் நிறத்தை முதலில் அடித்து, காய்ந்த பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டி அடர் நிறத்தை அடியுங்கள். பெயிண்ட் கல்லாகிப் போவதற்குள் டேப்பை உரித்தால்தான் கோடு சுத்தமாக வரும். பெயர் ஸ்டிக்கர், கோல்டு லைன் எல்லாம் கிளியர் கோட்டுக்கு அடியில் இருந்தால் நீடிக்கும். ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தில் முதலில் அடித்துப் பாருங்கள், சில ஸ்டிக்கர்கள் தின்னர் பட்டால் சுருங்கும். எந்த நிறம் அடித்தாலும் பின்பக்க சிவப்பு ரிஃப்ளெக்டரையும் பெடலில் உள்ளவற்றையும் மறுபடி மாட்ட மறக்காதீர்கள். ஊருக்கு வெளியே விளக்கில்லாத சாலையில் கறுப்பு மேட் கலர் சைக்கிள் லாரி டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

தொட்டால் ஒட்டாத நிலை வேறு, முழுதாக இறுகுவது வேறு. எனாமல், ஸ்ப்ரே இரண்டுக்கும் ஒரு வாரமாவது கொடுத்துவிட்டு பாகங்களை மாட்டலாம். கிளாம்ப் இறுக்கும் இடங்களில் பழைய டியூப் ரப்பரை ஒரு துண்டு வெட்டிச் சுற்றினால் புது பெயிண்ட் நசுங்காது. பேரிங் கப், மரை இருக்கும் இடங்களில் பெயிண்ட் படிந்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு கிரீஸ் வையுங்கள். சீட் கம்பியைச் சொருகும் முன் அதன் மேலும் கொஞ்சம் தடவுங்கள். குழாய்க்குள் தண்ணீர் இறங்குவது குறையும், அடுத்த முறை கம்பியும் சுலபமாகக் கழலும்.