வாக்குப்பதிவு நாள் விடுமுறை

இந்தியாவில் மக்களவைக்கேனும் மாநிலச் சட்டப்பேரவைக்கேனும் தேர்தல் நிகழும் தினத்தில், வர்த்தகம், கைத்தொழில் முதலிய எத்தகைய ஸ்தாபனத்தில் ஊழியம் புரிபவராயினும், வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவருக்கும் ஊதியத்துடன் அளிக்கப்பட வேண்டிய விடுமுறை இது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், 1996-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வாயிலாக, 135பி என்னும் பிரிவு இதற்கெனச் சேர்க்கப்பட்டது. அப்பிரிவின் ஜீவநாடி தினக்கூலி பெறுவோரைப் பற்றிய விதியேயாகும். வேலை செய்யாத நாளுக்குக் கூலியில்லை என்னும் நிபந்தனையில் அமர்ந்தவருக்கும், அன்று உழைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையைக் கொடுத்தே தீரவேண்டுமென்று சட்டம் பணிப்பதால், அன்றைய கஞ்சியா, வாக்குரிமையா என்று ஏழைப் பிரஜையொருவர் தவிக்க நேரும் கொடுமைக்கு நியாயம் ஏதுமில்லாமற் போகிறது. எவர் வராமையால் அவர் பார்க்கும் வேலையில் அபாயமோ பெருநஷ்டமோ விளையக்கூடுமோ, அவருக்கு இப்பிரிவு பொருந்தாது. ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களும் இதில் அடங்கா. விதியை மீறும் முதலாளிக்கு விதிக்கத்தக்க அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய். பெரிய ஆலையொன்றின் ஒரு நாள் உற்பத்திக்கு முன்னே இத்தொகை மிக அற்பமாதலின், அது உயர்த்தப்படுதல் அவசியம்.