பெஞ்ச் டெக்னிக்கல் ஃபவுல்

கூடைப்பந்தில் பெஞ்சில் இருக்கும் உதவிப் பயிற்சியாளர், மாற்று ஆட்டக்காரர், உடன்வந்தோர் ஆகியோரின் நடத்தைக்காக விதிக்கப்படும் தண்டனை. பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, தலைமைப் பயிற்சியாளர், முதல் உதவிப் பயிற்சியாளர் இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நின்றுகொண்டிருக்கலாம். உதவியாளர் தம் ஆட்டக்காரர்களுக்குக் குரல் கொடுக்கலாம். நடுவரோடு பேசக் கூடாது. நடைமுறையில் இந்தப் பேச்சுத் தடை அடிக்கடி மீறப்படுகிறது.

ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் அனுபவமுள்ள நடுவர் விசில் ஊதுவதில்லை. உதவியாளரிடம் நேரடியாக வாதிடவும் மாட்டார். வாதிட்டால் அவருக்கும் பேச உரிமை உண்டு என்றாகிவிடும். ஆட்டம் நின்றிருக்கும்போது தலைமைப் பயிற்சியாளரின் பக்கம் போய், "உங்க பெஞ்சைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று தணிந்த குரலில் சொல்வார். பெரும்பாலும் அத்துடன் அடங்கிவிடும். மூன்று நடுவர் ஆட்டமானால் மற்ற இருவருக்கும் எச்சரிக்கை தெரிவிக்கப்படும். கையை விரித்து அரங்கமே பார்க்கும்படி எதிர்ப்புக் காட்டுவது, வசைச்சொல் ஆகியவற்றுக்கு எச்சரிக்கை தேவையில்லை.

தவறு உதவியாளருடையது என்றாலும் ஸ்கோர் ஷீட்டில் தலைமைப் பயிற்சியாளர் பெயருக்கு எதிரே 'பி' என்று பதிவாகும். அவரே செய்தால் 'சி'. இரண்டு 'சி', அல்லது எல்லாம் 'பி'யாகவோ ஒன்று 'சி'யாகவோ மொத்தம் மூன்று சேர்ந்தால் அவர் வெளியேற வேண்டும். ஒவ்வொரு டெக்னிக்கல் ஃபவுலுக்கும் எதிரணிக்கு 1 ஃப்ரீ த்ரோ கிடைக்கும். அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் 2 ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்குப் போவதோடு, தலைமைப் பயிற்சியாளர் எழுந்து நிற்கும் சலுகையையும் இழப்பார்.