கணினியில் டிஎன்எஸ் தற்காலிகப் பதிவுகளை நீக்குவது எப்படி?

மற்றவர்களுக்குத் திறக்கும் இணையதளம் குறிப்பிட்ட ஒரு கணினியில் மட்டும் திறக்கவில்லை என்றால், அதில் சேமிக்கப்பட்டுள்ள பழைய டிஎன்எஸ் பதிவுகள் காரணமாக இருக்கலாம். ஒரே வரிக் கட்டளை மூலம் அவற்றை நீக்க முடியும்.

டிஎன்எஸ் என்பது என்ன?

இணையதளப் பெயர்களை எண் வடிவ ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் அமைப்பே டிஎன்எஸ். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் பால் மொக்கபெட்ரிஸ் 1983-ஆம் ஆண்டில் இதை வடிவமைத்தார். ஒருமுறை பெற்ற முகவரியைக் கணினி குறிப்பிட்ட காலத்துக்குச் சேமித்து வைக்கும். இக்காலம் நொடிகளில் குறிக்கப்படுகிறது. 300 என்றால் 5 நிமிடங்கள். 86,400 என்றால் ஒரு நாள்.

நீக்குவது ஏன்?

இணையதளம் வேறு சர்வருக்கு மாற்றப்பட்டாலும், அக்காலம் முடியும் வரை கணினி பழைய முகவரியையே நாடும். போலி முகவரி பதிவாகியிருந்தால் ஆபத்து அதிகம். வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தாலும் மோசடித் தளம் திறக்கக்கூடும். டிஎன்எஸ் சர்வர்களில் இவ்வாறு போலி முகவரிகளைப் புகுத்த வழிவகுக்கும் குறைபாட்டை இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி 2008-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார்.

வழிமுறைகள்

கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்த வேண்டும்.

விண்டோஸ்: 'கமாண்ட் ப்ராம்ப்ட்' செயலியைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' என உள்ளிட வேண்டும். சாய்கோட்டுக்கு முன் ஓர் இடைவெளி விடலாம். பதிவுகள் நீக்கப்பட்டதாகத் திரையில் அறிவிப்பு தோன்றும். முன்னதாகப் பதிவுகளைப் பார்வையிட, 'ஐபிகான்ஃபிக் /டிஸ்ப்ளேடிஎன்எஸ்' கட்டளை உதவும்.

மேக்: 'டெர்மினல்' செயலியில் 'சூடோ கில்ஆல் -ஹெச்யூபி எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர்' என உள்ளிட்டு, நிர்வாகியின் கடவுச்சொல்லை அளிக்க வேண்டும். 'ஹெச்யூபி' முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைய வேண்டும். இறுதிச் சொல்லில் டி, என், எஸ், ஆர் ஆகியவை மட்டும் பெரிய எழுத்துகள். கட்டளை நிறைவேறினால் அறிவிப்பு எதுவும் தோன்றாது.

உபுண்டு லினக்ஸ்: அண்மைக்காலப் பதிப்புகளில் 'ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேச்சஸ்' என்பது கட்டளை.

கவனிக்க வேண்டியவை

இதனால் கோப்புகள், கடவுச்சொற்கள், இணையப் பயன்பாட்டு வரலாறு ஆகியவை அழியாது. பிரவுசர், வைஃபை ரௌட்டர், இணையச் சேவை நிறுவனத்தின் சர்வர் ஆகியவையும் தனித்தனியே பதிவுகளை வைத்திருக்கக்கூடும். எனவே, சிக்கல் தொடர்ந்தால் பிரவுசரையும் ரௌட்டரையும் மறுதொடக்கம் செய்யலாம். சேவை நிறுவனத்தின் பதிவு காலாவதியாகும் வரை காத்திருக்க வேண்டும்.

தீம்பொருள் கணினியின் டிஎன்எஸ் அமைப்புகளையே மாற்றியிருந்தால், பதிவுகளை நீக்குவது மட்டும் தீர்வாகாது. பதிவுகளை நீக்கிய பிறகும் பாதுகாப்புச் சான்றிதழ் குறித்த எச்சரிக்கை தோன்றினால், அத்தளத்தில் கடவுச்சொல்லையோ வங்கி விவரங்களையோ உள்ளிடக் கூடாது.