ஊமத்தம் புகையிலிருந்து பஃப் வரை

தமிழில் ‘இழுப்பு’, மலையாளத்தில் ‘வலிவு’. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். கரமனைத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தையும் பழக்கம். ஆஸ்துமா என்பது டாக்டர் வாயில் மட்டும் வரும்.

இந்த வியாதியின் உலகச் சரித்திரத்தில் நம்ம மதராசுக்கு ஓர் இடம் உண்டு, பலருக்குத் தெரியாது. கும்பெனியின் ஃபிஸிஷியன் ஜெனரலாக அங்கே இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். (சைதாப்பேட்டையில் சாயப்பூச்சி வளர்க்கச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டவர் இவர்தான்!) ஊமத்தையைப் புகைத்தால் இழுப்பு அடங்கும் என்ற இந்த ஊர்ப் பழக்கத்தை ஜெனரல் ஜென்ட் என்பவருக்கு அவர் சொல்ல, 1802-ல் அது பிரிட்டனுக்குக் கப்பலேறியது. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட் ராஜ்ஜியம். இன்று நெபுலைசரில் ஊற்றும் இப்ரட்ரோபியம்கூட ஊமத்தையின் தூரத்துப் பேரன்தான்.

அடுத்த அத்தியாயம் கொஞ்சம் பயங்கரம். 1960-களில் இங்கிலாந்தில் ஐசோபிரினலின் ஸ்பிரே கைக்குக் கை புழங்கியபோது, ஆஸ்துமாவால் இளவயதுக்காரர்கள் செத்துப்போவது திடீரென்று ஏறியது. 1967-ல் எச்சரிக்கை, 1968-ல் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது என்றதும் இறங்கியது. 1976-க்குப் பின் நியூசிலாந்தில் ஃபெனடெரால் வந்தபோது மறுபடியும் அதே கதை. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து அப்போதைக்கு ஆறுதல் தரும், உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைக்கிற பெக்லோமெத்தஸோன் இன்ஹேலர் 1972-லேயே வந்தாச்சு, எழுதத்தான் தயக்கம்.

அதனால்தான் வழிகாட்டி நெறிகள் பிறந்தன. 1989-ல் ஆஸ்திரேலியா-நியூசிலாந்து, 1990-ல் பிரிட்டன், 1991-ல் அமெரிக்கா, 1993-ல் உலக அளவில் ‘ஜினா’. இந்தியாவில் 2005-ல் ஒன்று, 2015-ல் நுரையீரல் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து எழுதியது இன்னொன்று.

எழுதினால் போதுமா? அத்தனை வசதி இருக்கிற பிரிட்டனிலேயே, 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் 89 பேர் விஷயத்தில் வழிகாட்டி நெறிப்படி செய்யாத, தவிர்த்திருக்கக்கூடிய குறை இருந்ததாம். சில டாக்டர்களுக்கு அந்த நெறிகளே சரியாகத் தெரியவில்லை. தெரிந்தாலும், தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே ஓ.பி. வாசலில் நிற்கிற கூட்டம் இருக்கிறது.

நம்மூரில் இன்னொரு தடையும் உண்டு: “பஃப் பிடிச்சா அப்பறம் விடாது.” கரமனையில் என் அத்தைக்கு வருஷக்கணக்காக சால்புடமால் மாத்திரைதான். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், “வயசாச்சோல்லியோ” என்பாள். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது 40 பஃப் மருந்து! இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்குப் போகிறது. அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். பஃப் எழுதினால் அத்தை வேறு டாக்டரிடம் போயிருப்பாள், அவருக்கும் அது தெரியும்.

2019-ல் ஜினா பெரிய திருப்பம் போட்டது. பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் விரிக்கிற மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதே, வீக்கத்துக்கான ஸ்டீராய்டும் கூடவே இருக்கணும் என்று. ஐம்பது வருஷப் பழக்கத்தைத் தலைகீழாக்கிய வரி அது.

கேரளாவில் 2017-ல் ‘ஆர்த்ரம்’ தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றத் தொடங்கினார்கள். அதோடு வந்தது ‘சுவாஸ்’. பெரிய ஆஸ்பத்திரிக்கு அலையாமல், உள்ளூரிலேயே மூச்சுக்குழாய் வியாதிகளைப் படிப்படியாகக் கவனிக்கிற ஏற்பாடு.

ஊருக்குப் போகிறவர்கள் அம்மா அப்பாவின் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். வெறும் நீல பஃப்போ சால்புடமால் மாத்திரையோ மட்டும் இருந்தால், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் கூடவே போய், “வீக்கத்துக்கு மருந்து எது?” என்று கேளுங்கள்.