ஒயினுக்குச் சிவப்பு எங்கிருந்து வருது? நந்தி மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் போட்ட தோட்டம்!

ராயக்கோட்டைன்னா தக்காளி. விலை இறங்கிட்டா, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாதுன்னு செடியிலேயே விட்டுடுவாங்க. இங்கிருந்து ஓசூர், பெங்களூரு தாண்டி தொட்டபள்ளாபூர் பக்கம் போனா, விளைஞ்சதை மாசக்கணக்கில் காத்திருந்து விற்கிற விவசாயம் நடக்குது. நந்தி மலையடிவாரத்தில் இருக்கும் குரோவர் ஒயின் தோட்டம்தான் அது.

தொழிலதிபர் கன்வல் குரோவர், வேலை விஷயமா அடிக்கடி பிரான்ஸ் போய் வந்தவர். ஷாம்பெயின் பகுதி ஒயின் நிபுணர் ஜார்ஜ் வெசெல் துணையோடு பல பிரெஞ்சு ரகங்களை நட்டுப் பார்த்து, 1988-ல் இதைத் தொடங்கினார். அப்புறம் மகன் கபில், பேத்தி கரிஷ்மா. கரிஷ்மா ஒயின் தயாரிப்பையே கலிஃபோர்னியாவில் படிச்சவர். 2012-ல் நாசிக் பக்கத்து நிறுவனம் ஒன்றோடு இணைந்து, 'குரோவர் ஸாம்பா' ஆனது.

பிரான்ஸில் குளிர்காலம் வந்தா திராட்சைக் கொடி தூங்கிடும். நம்ம ஊர்ல அது தூங்காது. விட்டா வளர்ந்துகிட்டே இருக்கும். அதனால ரெண்டு தடவை கவாத்து. அறுவடை முடிஞ்சு ஏப்ரல் வாக்கில் ஒண்ணு, செப்டம்பர் - அக்டோபரில் இன்னொண்ணு. அப்போதான் மழையில் சிக்காம, பகல் வெயிலிலும் ராத்திரிக் குளிரிலும் பழம் நிதானமாப் பழுத்து, பிப்ரவரி - மார்ச்சில் அறுவடைக்கு வரும். கம்பத்துப் பன்னீர் திராட்சை மாதிரி வருஷம் முழுக்கப் பறிக்கிற ஆசையெல்லாம் இங்கே கூடாது.

சரி, சிவப்பு? கறுப்புத் திராட்சை ஒண்ணை உரிச்சுப் பிழிஞ்சு பாருங்க. பெரும்பாலான ரகங்களில் சாறுக்கு நிறமே இருக்காது. நிறமும் துவர்ப்பும் தோலில்தான். அதனால, காம்பு நீக்கி நசுக்கிய பழத்தைத் தோலோடயே ஸ்டீல் டேங்கில் நொதிக்க விடுறாங்க. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலாக்கும். அப்போ கிளம்புற வாயு, தோலையெல்லாம் மேலே தள்ளி, தடிமனா ஒரு மூடி மாதிரி ஆக்கிடும். அதைத் தினமும் சில தடவை உள்ளே அமுக்கணும், இல்லைன்னா அடியில் இருக்கிற சாறை பம்ப் பண்ணி மேலே ஊத்தணும். சும்மா விட்டா நிறம் இறங்காது, வினிகர் வாடையும் வந்துடும். ஒரு வாரம், பத்து நாளில் தோலைப் பிழிஞ்சு பிரிச்சிடுவாங்க.

அடுத்தது பாக்டீரியா வேலை. ஆப்பிளில் இருக்கும் சுள்ளென்று புளிக்கும் மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் மென்மையான லாக்டிக் அமிலமா மாத்தும். குரோவரின் பிரபலமான 'லா ரிசர்வ்', காபர்நே சாவிஞோன் - ஷிராஸ் கலவை. பிரெஞ்சு ஓக் பீப்பாயில் மாசக்கணக்கில் கிடந்துதான் பாட்டிலுக்கு வருது.

'பழச்சாறுதானே'ன்னு சொல்ற நண்பர்களுக்கு: ரெட் ஒயினில் ஆல்கஹால் பொதுவா 12 முதல் 14 சதவிகிதம். சாதாரண பீரில் 5 சதவிகிதம்தான்.