வாயில் இருந்த வெள்ளி

1974-ல் என் கடைவாய்ப் பற்கள் இரண்டில் வெள்ளி அடைத்தார்கள். போன மாதம் ஒன்று விரிசல் விட்டது. பல் டாக்டர் அதை எடுத்துவிட்டு, பல் நிறத்திலேயே அடைத்தார்.

"இன்னொன்றையும் எடுத்துவிடுங்களேன். அதில் பாதரசம், விஷம் என்று பேத்தி பயமுறுத்துகிறாள்" என்றேன்.

"நன்றாக இருப்பதைத் தோண்டினால்தான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும். இருக்கட்டும் சார்" என்றார்.

இந்தப் பயம் புதிதல்ல. வெள்ளி, வெள்ளீயம், செம்புத் தூளைப் பாதரசத்தில் குழைப்பதுதான் அமால்கம். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். 1833-ல் அது அமெரிக்கா போனது. அங்கே 1840-ல் தொடங்கிய பல் மருத்துவர் சங்கம், அதைத் தொடமாட்டோம் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. தங்கத்தைவிட மலிவான அடைப்பை யார் விடுவார்கள்? சண்டை முற்றி, 1856-ல் சங்கமே கலைந்தது.

அமிலம் தடவிய பல்லில் பிசின் நன்றாக ஒட்டும் என்று 1955-ல் புவனகோர் காட்டினார். பிறகு ரஃபேல் போவன் அதற்கேற்ற பிசினை உருவாக்கினார். இன்றைய வெள்ளை அடைப்பு அதன் வாரிசு.

பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேரக்கூடாதென்று 2013-ல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது. 2025 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அமால்கத்துக்குப் பெரும்பாலும் தடை விதித்துவிட்டது.

என் வாயில் மிச்சமிருக்கும் வெள்ளியோ 50 வருஷமாக முறுக்கு கடிக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.