நல்லவர்களின் மௌனம்: மார்க் ட்வெய்னின் சமூக விமர்சனம் வளர்ந்த வழி

1896 தொடக்கத்தில் பம்பாய் விடுதி ஒன்றில் ஜெர்மானியர் ஒருவர், செய்த தவறு இன்னதென்று சொல்லாமலேயே வேலைக்காரரின் கன்னத்தில் அறைந்தார். அவரும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்த மார்க் ட்வெய்னுக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய மிசௌரி மாநிலத்து ஹானிபல் ஊர் கண்முன் வந்து நின்றது. அடிமைக்கு எதையும் உணர்த்தும் வழி அங்கே அறைதான். மகனை இரண்டே முறை அடித்த அவருடைய தந்தை, வீட்டிலிருந்த அடிமைச் சிறுவனை அற்பப் பிழைகளுக்கெல்லாம் அறைந்திருக்கிறார். ஏதோ வேலையைக் கோணலாகச் செய்ததற்காக ஒருவர் எறிந்த இரும்புத்தாதுக் கட்டி மண்டையில் பட்டு, ஓர் அடிமை ஒரு மணி நேரத்தில் உயிர்விட்டதைப் பத்து வயதில் ட்வெய்ன் நேரில் கண்டார். ஊரில் யாரும் அக்கொலையைச் சரியென்று சொல்லவில்லை. அதைப் பற்றி அதிகம் பேசவும் இல்லை. 1897இல் வெளிவந்த 'பாலோயிங் தி ஈக்வேட்டர்' பயண நூலில் இவை பதிவாகியுள்ளன.

அந்தப் பேசாமைதான் ட்வெய்னின் ஆழமான விமர்சனத்துக்கு இலக்கு. சார்லஸ் டட்லி வார்னருடன் சேர்ந்து எழுதிய 'தி கில்டட் ஏஜ்' (1873) வாஷிங்டன் ஊழலைச் சாடியது. ஒரு காலகட்டத்துக்கே பெயர் கொடுத்தது. ஆனால் ஊழல்வாதியைப் பார்த்துச் சிரிப்பது வாசகருக்கு எளிது, அங்கே குற்றவாளி வேறு யாரோ. குற்றம் தன் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது என்ற இடத்துக்கு ட்வெய்ன் பிறகுதான் வந்து சேர்ந்தார். பதினேழு வயதில், 1853இல், நியூயார்க்கிலிருந்து தாய்க்கு எழுதிய கடிதத்தில் சுதந்திரக் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசியவர் அவர். உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல் தென்தரப்புத் தொண்டர்படை ஒன்றில் சில வாரங்கள் இருந்தவரும்கூட.

திருப்பம் 1874இல் நேர்ந்தது என்பது என் கணிப்பு. நியூயார்க் மாநிலத்து எல்மைராவில், மைத்துனியின் குவாரி பண்ணையில் மேரி ஆன் கார்ட் என்ற முன்னாள் அடிமைப் பெண் சமையல் வேலை பார்த்தார். அவர் சொன்ன வாழ்க்கையை ட்வெய்ன் 'ஏ ட்ரூ ஸ்டோரி' ஆக்கினார். அவ்வாண்டு நவம்பரில் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் அது வெளிவந்தது. கதையில் அவர் பெயர் ரேச்சல். திண்ணையில் வெள்ளையர் அமர்ந்திருக்க, அவர் மரியாதையாகக் கீழே படியில் உட்கார்ந்திருக்கிறார். எப்போதும் சிரித்த முகம். அறுபது வயதுவரை துன்பமே அறியாமல் எப்படி இருந்தீர்கள் என்று கதைசொல்லி வெள்ளந்தியாகக் கேட்கிறான். ஏலத்தில் கணவனையும் ஏழு பிள்ளைகளையும் பறிகொடுத்ததை அவர் சொல்லத் தொடங்குகிறார். சொல்லச் சொல்ல மெல்ல எழுகிறார். ஒரு கட்டத்தில் நட்சத்திரங்களை மறைத்து எல்லோருக்கும் மேலாக நிற்கிறார். போர்க்காலத்தில் கடைசி மகனை நெற்றித் தழும்பாலும் மணிக்கட்டுத் தழும்பாலும் அடையாளம் கண்டு சேர்ந்ததோடு பேச்சு முடிகிறது. கதைசொல்லிக்கு மறுமொழி ஒரு சொல்கூட இல்லை. தன் அறியாமையைத்தான் ட்வெய்ன் இங்கே கூண்டில் ஏற்றியிருக்கிறார். படியிலிருந்து அந்தப் பெண் எழுந்த அசைவை நினைக்காமல் அவருடைய பிற்காலப் படைப்புகளை என்னால் படிக்க முடிவதில்லை.

'ஹக்கிள்பெரி ஃபின்' அமெரிக்காவில் வெளிவந்தது 1885இல். கதை நடப்பது அடிமைக் காலத்தில். எழுதப்பட்டதோ, 1877இல் மத்தியப் படைகள் தெற்கை விட்டு விலகி, 1883இல் உச்சநீதிமன்றம் 1875ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தை முடக்கிய காலத்தை ஒட்டி. 32ஆம் அத்தியாயத்தில், படகின் நீராவி உருளை வெடித்துவிட்டதாக ஹக் ஒரு பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று சாலி அத்தை பதறுகிறார். இல்லை, ஒரு கறுப்பர் செத்தார் என்கிறான். நல்லவேளை, சில நேரம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடுகிறதே என்று ஆறுதல் கொள்கிறார் அவர். சாலி கொடுமைக்காரி அல்ல. வந்த பிள்ளையை அணைத்துக்கொண்டு சோறு போடுகிறவர். அதனால்தான் அந்த வரி நெஞ்சில் தைக்கிறது. ஹக்குடன் தப்பி வந்த அடிமை ஜிம் விடுதலை பெற்றுவிட்ட பிறகும், அவரை மீட்பதாகச் சொல்லி ஹக்கின் நண்பன் டாம் விளையாடும் கடைசி அத்தியாயங்களைக் கலைக்குறை என்பார் பலர். சட்டத்தால் விடுபட்டும் சிறையில் கிடக்கும் மனிதர் என்ற காட்சி, 1880களின் தெற்கோடு மிகவும் பொருந்துவதால் அக்கருத்தை நான் ஏற்கவில்லை.

'புட்டன்ஹெட் வில்சன்' (1894) தொட்டிலில் குழந்தைகளை மாற்றிவைத்து, இனம் என்பது ஊர் கட்டிய கற்பனை என்று காட்டியது. இரண்டே ஆண்டில் உச்சநீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் இனப்பிரிவினைக்குச் சட்ட முத்திரை குத்தியது.

1901 ஆகஸ்டில், அவர் பிறந்த மிசௌரியிலேயே பியர்ஸ் சிட்டியில் கும்பல் ஒன்று கறுப்பினத்தவர் மூவரைக் கொன்று, மற்றவர்களை ஊரை விட்டே விரட்டியது. ட்வெய்ன் 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் லிஞ்சர்டம்' கட்டுரையை எழுதினார். கூட்டத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கொலைவெறியர் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரோ என்று அஞ்சி நிற்பவர்கள் என்பது அதன் மையம். ஹானிபலில் கண்ட மௌனத்துக்கு ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அவர் கண்டறிந்த காரணம் அது. கும்பல் கொலைகளின் வரலாற்றைப் பெருநூலாக எழுதவும் திட்டமிட்டார். பிறகு, அதை வெளியிட்டால் தெற்கில் தனக்கு நண்பர்களே மிஞ்சமாட்டார்கள் என்று பதிப்பாளருக்கு எழுதி, முயற்சியைக் கைவிட்டார். 1910இல் அவர் இறந்தபோதும் கட்டுரை கையெழுத்துப்படியாகவே கிடந்தது. 1923இல்தான் அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஆல்பர்ட் பிகலோ பெய்ன் அதை அச்சேற்றினார், சில இடங்களை மாற்றி.